கடலோர வீட்டுக் கைப்பிடிக்கு இரும்பா, எஸ்.எஸ்.ஸா: முப்பது வருடச் செலவைக் கணக்குப் போடும் முறை

பட்டறையில் விலை கேட்டால் கிலோ கணக்கில்தான் பதில் வரும். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு) செய்து மாட்டிக் கொடுக்க கிலோ 130 ரூபாய், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 தரம் என்றால் 450, 316 தரம் என்றால் 600 என்பார்கள். மூன்றரை மடங்கு விலை என்று பயந்து பெரும்பாலோர் அங்கேயே இரும்புக்கு முடிவு செய்துவிடுகிறார்கள். கிலோ விலையை வைத்து முடிவெடுப்பது தவறு. ஒரே கைப்பிடிக்கு இரண்டு உலோகத்திலும் ஒரே எடை பிடிக்காது. மாட்டிய நாளோடு இரும்பின் செலவு முடிவதும் இல்லை.

தூத்துக்குடியில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு வீட்டின் முதல் மாடி பால்கனியை எடுத்துக்கொண்டு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறோம். கைப்பிடி 10 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம். இதில் வரும் ரூபாய் விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் மூன்று பட்டறையில் கேட்டு அந்த விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறாது.

முதல் படி: காற்றில் எவ்வளவு உப்பு

கணக்கின் விடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். பூச்சில்லாத இரும்பு முதல் வருடத்தில் எவ்வளவு கரையும் என்பதை வைத்து ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை காற்றைத் தரம் பிரிக்கிறது. நடுத்தரமான சி3 சூழலில் வருடத்துக்கு 25 முதல் 50 மைக்ரான், சி4-இல் 50 முதல் 80, கடுமையான சி5-இல் 80 முதல் 200 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான். பெயிண்ட் உரிந்த 1.2 மி.மீ. குழாய் சி5 காற்றில் எத்தனை வருடம் நிற்கும் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

உங்கள் தெரு எந்த வகை என்று அறிய கருவி வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளின் ஜன்னல் கிரில், ஏ.சி. வெளி யூனிட் நிற்கும் தாங்கி, டிஷ் ஆன்டெனாக் கால் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்திலேயே வெல்டிங் மூட்டுகளில் துரு வழிந்திருந்தால் அது கடுமையான சூழல். அலை உடையும் கரையிலிருந்து 5 கி.மீ. வரை எஸ்.எஸ். மேலும் பழுப்புக் கறை படிய வாய்ப்பு உண்டு. கடலிலிருந்து நேராகக் காற்று அடிக்கும் திறந்த வெளியில் அதற்கும் அப்பால் கூட வரும். தூத்துக்குடியில் கடலோடு உப்பளங்களும் அனல்மின் நிலையங்களும் சேர்ந்திருப்பதால் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்பது அங்கே பெரிய தூரமில்லை. இதே வீடு கோயம்புத்தூரில் இருந்தால் கணக்கு வேறாக முடியும். அதையும் கீழே பார்க்கலாம்.

இரண்டாம் படி: எடையை நீங்களே போடுங்கள்

வட்டக் குழாய்க்கு வாய்பாடு எளிது. வெளி விட்டத்திலிருந்து கனத்தை (குழாய்ச் சுவரின் தடிமனை) கழித்து, வருவதைக் கனத்தால் பெருக்கி, எம்.எஸ். என்றால் 0.02466-ஆலும் எஸ்.எஸ். 304 அல்லது 316 என்றால் 0.0249-ஆலும் பெருக்கினால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். அளவெல்லாம் மி.மீ.-இல். சதுரக் கம்பிக்குப் பக்கம் × பக்கம் × 0.00785.

எம்.எஸ். கைப்பிடி: மேல் குழாய் 48.3 மி.மீ., கனம் 2.9. 10 மீட்டருக்கு 32.5 கிலோ. கால்கள் 42.4 மி.மீ., கனம் 2.6, மீட்டருக்கு ஒன்றாக 11 கால்: 28 கிலோ. அடியில் 25×6 பட்டை 10 மீட்டர்: 12 கிலோ. ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் 12 மி.மீ. சதுரக் கம்பி எட்டு, ஒவ்வொன்றும் 85 செ.மீ., மொத்தம் 68 மீட்டர்: 77 கிலோ. சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 157 கிலோ.

எஸ்.எஸ். கைப்பிடி: மேல் குழாய் 50.8 மி.மீ., கனம் 1.5: 18.4 கிலோ. கால்கள் 38.1 மி.மீ., கனம் 1.5: 15 கிலோ. அடிக்குழாய் 25.4 மி.மீ., கனம் 1.2: 7.2 கிலோ. நிற்கும் குழாய்கள் 16 மி.மீ., கனம் 1.2, 68 மீட்டர்: 30 கிலோ. சேதாரத்தோடு 75 கிலோ.

எஸ்.எஸ்.ஸில் பாதி எடைதான் பிடிக்கிறது. துருவுக்குக் கொடுக்க வேண்டிய கனம் அதற்குத் தேவையில்லை என்பதால் குழாய் மெல்லிசாகப் போகிறது. ஆக எம்.எஸ். 20,400 ரூபாய், 304 என்றால் 33,750, 316 என்றால் 45,000. கிலோ விலையில் மூன்றரை மடங்காகத் தெரிந்தது கைப்பிடி விலையில் 1.65 மடங்காகச் சுருங்குகிறது. இதற்கு மேல் மெல்லிசாகப் போகாதீர்கள். 0.8 மி.மீ. குழாய் போட்டு விலையைக் குறைத்துக் காட்டும் பட்டறைகள் உண்டு. அந்தக் குழாய் கையால் அழுத்தினாலே நெளியும், வெல்டிங்கில் ஓட்டை விழும்.

இரண்டு வரைபடத்திலும் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 10 செ.மீ.-க்குள் இருக்கிறது. படுக்கைவாட்டில் மூன்று குழாய் ஓட்டினால் இன்னும் மலிவாகும். ஆனால் குழந்தைகள் அதில் ஏணி போல ஏறுவார்கள். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த வருடம் என்ன செலவு

ஒரு தாளில் 0 முதல் 30 வரை வருடங்களை எழுதி, எதிரே அந்தந்த வருடச் செலவை இன்றைய விலையிலேயே எழுதுங்கள்.

எம்.எஸ். கைப்பிடியின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு கோட் அடிக்க மூன்று நாள் கூலியும் சாமானும் சேர்த்து 5,000 ரூபாய் என்று வைப்போம். இந்த இடத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். 12-ஆம் வருடம் கால்களின் அடிப்பகுதி அரித்து, வெட்டி ஒட்டுப்போட 6,000. 18-ஆம் வருடம் முழுதாக மாற்ற வேண்டும்: புதுக் கைப்பிடி 20,400, பழையதைக் கழற்றி டைல்ஸ் ஒட்டிக்கொடுக்க 6,000.

304-க்கு வருடம் 500 ரூபாய் கழுவித் துடைக்க, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கறை எடுத்துப் பாலீஷ் போட 3,000. 316-க்குக் கழுவும் செலவு மட்டும்.

நான்காம் படி: வருங்காலப் பணத்தை இன்றைய பணமாக்குதல்

பதினெட்டு வருடம் கழித்துச் செலவாகப்போகும் 26,400 ரூபாய்க்கு இன்று அதைவிடக் குறைவாக ஒதுக்கினால் போதும், வட்டி வளர்த்துவிடும். ஆனால் முழு வங்கி வட்டியையும் போடக் கூடாது. வட்டி 8 சதவீதம் வளரும்போது பெயிண்டர் கூலியும் வளர்கிறது. விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது என்றால் 1.08-ஐ 1.05-ஆல் வகுக்க 1.0286. நிஜ வட்டி 3 சதவீதத்துக்குப் பக்கம். இன்றைய விலையில் செலவை எழுதிவிட்டு 8 சதவீதத்தில் கழிப்பதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை. அப்படிப் போட்டால் நம் உதாரணத்தில் எம்.எஸ்.ஸும் 304-உம் 45,000 ரூபாயில் சமமாக வந்து நிற்கும், பின்வருடச் செலவுகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

செல்போன் கால்குலேட்டரில் 1-ஐ 1.03-ஆல் எத்தனை வருடமோ அத்தனை தடவை வகுத்தால் அந்த வருடத்தின் பெருக்கு எண் கிடைக்கும். 3-ஆம் வருடத்துக்கு 0.915, 6-க்கு 0.837, 9-க்கு 0.766, 12-க்கு 0.701, 15-க்கு 0.642, 18-க்கு 0.587, 21-க்கு 0.538, 24-க்கு 0.492, 27-க்கு 0.450. வருடா வருடம் ஒரே தொகை செலவானால் 30 வருடத்துக்கும் சேர்த்து 19.6-ஆல் பெருக்கினால் போதும்.

எம்.எஸ்.: ஆரம்பம் 20,400. முதல் ஐந்து பெயிண்டிங் 19,300. ஒட்டுப்போட்டது 4,200. மாற்றியது 15,500. பிறகு மூன்று பெயிண்டிங் 7,400. மொத்தம் 66,800 ரூபாய்.

304: 33,750, கழுவ 9,800, பாலீஷ் 9,800. மொத்தம் சுமார் 53,400.

316: 45,000, கழுவ 9,800. மொத்தம் 54,800.

எடைக்குப் போட்டால் கிடைப்பதையும் கழிக்கலாம். 18-ஆம் வருடம் கழற்றும் துருப்பிடித்த இரும்பு இன்றைய மதிப்பில் இரண்டாயிரம், 30-ஆம் வருடம் கழற்றும் எஸ்.எஸ். மூவாயிரம் என்ற அளவில்தான் இருக்கும். விடையை அது மாற்றாது. முப்பதாம் வருடத்தில் இரண்டாவது எம்.எஸ். கைப்பிடிக்கு இன்னும் ஆறு வருட ஆயுள் மீதி இருக்கும். அதற்கும் மூவாயிரத்துக்குள் கழித்துக்கொள்ளலாம்.

304-க்கும் 316-க்கும் வித்தியாசம் வெறும் 1,400 ரூபாய் என்பதைக் கவனியுங்கள். இந்த இடத்தில் 316-தான் எங்கள் தேர்வு. 304-இன் கணக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் பாலீஷ் போடுவீர்கள் என்று நம்பிப் போட்டது. பத்து வருடம் விட்டுவிட்டால் கறை மேலோடு நிற்காது, ஊசிக்குத்துப் போல் குழி விழ ஆரம்பிக்கும்.

விட்டுப்போகும் மூன்றாவது வழி

எம்.எஸ்.ஸில் செய்து ஹாட் டிப் கால்வனைசிங் போட்டால்? சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறை. 3 முதல் 6 மி.மீ. கனமுள்ள இரும்பில் சராசரியாக 70 மைக்ரான் படியும், 1.5 முதல் 3 மி.மீ. வரை என்றால் 55. சி4 காற்றில் துத்தநாகம் வருடம் 2.1 முதல் 4.2 மைக்ரான்தான் கரையும், சி5-இல் 4.2 முதல் 8.4. கிலோவுக்கு 25 ரூபாய் கூடுதல், போக்குவரத்தும் குறைந்தபட்சக் கட்டணமும் 5,000 என்று வைத்தால் ஆரம்பச் செலவு 29,300. 12-ஆம் வருடம் முதல் பெயிண்டிங் 6,000, பிறகு நான்கு வருடத்துக்கு ஒருமுறை 5,000. எல்லாம் சேர்த்து சுமார் 44,000. நம் பட்டியலிலேயே இதுதான் குறைவு.

பிறகு ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? தொட்டிக்குள் நுழையும் அளவில் தனித்தனிப் பகுதிகளாகச் செய்து, எல்லா வெல்டிங்கும் முடித்த பிறகுதான் முக்க வேண்டும். இரண்டு முனையும் மூடிய குழாயில் காற்றுத் துளை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தொட்டியிலேயே குழாய் வெடிக்கும். வீட்டில் கொண்டுவந்து வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும், அதனால் போல்ட் போட்டுத்தான் இணைக்க வேண்டும். மேற்பரப்பும் வழவழப்பாக வராது. இதற்கெல்லாம் பொறுமையுள்ள பட்டறை கிடைத்தால், காம்பவுண்டு கேட், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஏணி, பின்பக்க கிரில் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கடையில் விற்கும் ஜி.ஐ. குழாயை (ஏற்கெனவே துத்தநாகம் பூசியது) வாங்கி வெட்டி வெல்டிங் வைப்பது வேறு. மூட்டுகளில் அது வெறும் இரும்புதான்.

கடலில்லாத ஊருக்கும் உயரமான மாடிக்கும்

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஆறு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் போதும், 30 வருடத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. எம்.எஸ். மொத்தம் 33,500. வருடம் 250 ரூபாய் கழுவும் செலவோடு 304 மொத்தம் 38,650. அங்கே இரும்பே மலிவு. எஸ்.எஸ். போடுவது அழகுக்கும் வேலை மிச்சத்துக்கும்தான்.

மூன்றாம் மாடி வெளிப்பக்கம், சாரம் கட்டாமல் கை எட்டாது என்றால் ஒவ்வொரு பெயிண்டிங்கோடும் சாரத்துக்கு 6,000 சேர்த்துப் பாருங்கள். தூத்துக்குடி எம்.எஸ். கணக்கு 98,800-க்குப் போய்விடும். விடுதி, கடை என்றால் பெயிண்ட் அடிக்கும் நாளில் மூடி வைப்பதும் செலவு. கை எட்டாத இடத்துக்கும் மூட முடியாத இடத்துக்கும் எஸ்.எஸ். என்பது நல்ல முதல் விதி.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி

எஸ்.எஸ். கைப்பிடி லாபம் என்று தெரிந்ததும் தூண் கம்பியையும் எஸ்.எஸ்.ஸில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்குத் தேவையில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டைப் பிளப்பதுதான் கடலோரக் கட்டடங்களின் நோய். அதற்கு மருந்து கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவரும் எம்30 தரக் கான்கிரீட்டும் (எண் கூடினால் வலு கூடும்) கேட்கிறது. கடல் தெறிப்பு நேரடியாக விழும் இடத்துக்கு 50 மி.மீ.-உம் எம்35-உம், அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75 மி.மீ.-உம் எம்40-உம். உடைந்த ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்துக் கம்பியை நிறுத்தும் வழக்கத்தை விட்டு, சரியான அளவு கவர் பிளாக் வாங்கிப் போடுங்கள். வீட்டில் அதைவிட லாபமான அரிப்புத் தடுப்பு இல்லை.

எஸ்.எஸ். கம்பிக்கு என ஐ.எஸ். 16651 என்ற தரநிலை 2017-இல் வந்தது. பாலம், துறைமுகம் போன்றவற்றில், அதுவும் உப்பு சேரும் பகுதிகளில் போடத்தான் அது பொருத்தம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் எஸ்.எஸ். கம்பி பயன்பட்டிருக்கிறது. மெக்சிகோவின் ப்ரோகிரேசோ துறைமுகத்தில் 1940-களின் தொடக்கத்தில் 304 வகைக் கம்பி போட்டுக் கட்டிய நீண்ட கடற்பாலம் இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில் பல வருடம் கழித்துச் சாதாரணக் கம்பியில் கட்டியது இடிந்து வெறும் கட்டைகளாகக் கிடக்கிறது.

எஸ்.எஸ். ஏன் துருப்பிடிக்கிறது

மேலே போட்ட 30 வருடக் கணக்கு, சரியான தரமும் சரியான வேலையும் இருந்தால்தான் செல்லும். கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்.

தரம் மாறுவது. 304 என்று சொல்லி 202 என்ற மலிவான தரத்தைக் கொடுப்பார்கள். 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல், 202-இல் 4 முதல் 6 வரை, மீதிக்கு மாங்கனீசு. காந்தம் வைத்துப் பார்ப்பது பயனில்லை, இரண்டுமே ஏறக்குறைய ஒட்டாது. குழாயின் மேல் அச்சிட்ட வரியில் தரமும் ஹீட் எண்ணும் (அந்த உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) இருக்கும். பாலீஷ் போடும் முன் அதைப் படம் எடுத்து, ஆலை தரும் மில் டெஸ்ட் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். 316-இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்கும். மாலி டெஸ்ட் திரவம் ஒரு சொட்டும் சிறு பேட்டரியும் போதும், மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறிக் காட்டிவிடும்.

இரும்புத்தூள். எம்.எஸ். கேட்டுக்கு ஓட்டிய கிரைண்டிங் சக்கரத்தையே எஸ்.எஸ். மேல் ஓட்டினால், அல்லது பக்கத்தில் இரும்பு வெட்டும் பொறி வந்து படிந்தால், அந்தத் துகள் துருப்பிடித்து இரண்டு வாரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எஸ்.எஸ்.ஸுக்கு என்று தனிச் சக்கரம், எஸ்.எஸ். கம்பி பிரஷ் கேட்டு வாங்குங்கள்.

வெல்டிங் நிறம். ஆர்கான் வெல்டிங் வைத்ததும் மூட்டைச் சுற்றி நீலமும் வைக்கோல் நிறமுமாக ஒரு பட்டை தெரியும். அதற்கடியில் குரோமியம் குறைந்திருப்பதால் அங்கேதான் முதலில் துரு ஏறும். பிக்லிங் பேஸ்ட் (கறையைக் கரைக்கும் அமிலப் பசை) போட்டோ நன்றாகப் பாலீஷ் செய்தோ முழுதும் எடுக்க வேண்டும். அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும், அதனால் கையுறையும் முகத்தடுப்பும் போட்டுப் பட்டறையிலேயே செய்யட்டும், வீட்டு மாடியில் வேண்டாம். ஃபில்லர் ராடு (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) 304-க்கு 308எல், 316-க்கு 316எல்.

மூடிக்குள் இருக்கும் போல்ட். காலின் அடியில் பளபளக்கும் கிண்ண மூடியைத் தூக்கிப் பாருங்கள். எஸ்.எஸ். பேஸ் பிளேட்டை இரும்பு ஆங்கர் போல்ட் பிடித்திருந்தால், உப்புத் தண்ணீர் தேங்கும் அந்த இருட்டில் போல்ட் மற்ற எதையும்விட வேகமாகக் கரையும். கைப்பிடி பளபளப்பாகவே இருக்கும், சாய்ந்தால் ஆளோடு பெயர்ந்து விழும். போல்ட் தலையில் ஏ4 என்ற பொறிப்பு இருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை.

ஆசிட். வீடு முடிந்ததும் டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையை எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். அதன் தெறிப்பும் புகையும் ஒரே மதியத்தில் புது எஸ்.எஸ்.ஸைப் பழுப்பாக்கிவிடும். ஆசிட் வேலை முடிந்து தரையை நன்றாகக் கழுவிய பிறகுதான் கைப்பிடி மாட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலும் அப்படித்தான்.

மாட்டி முடிந்ததும் செய்ய வேண்டியது

மினுமினுப்பான பாலீஷ் கேளுங்கள். முரட்டுக் கோடு விழுந்த பிரஷ் ஃபினிஷில் உப்பு தங்கும். பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு மாதம் நிறுத்திவைக்க முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இரும்புத்தூள் கறை அதற்குள் வெளிப்பட்டுவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரும் சிறிது சோப்பும் போட்டுத் துணியால் துடைத்தால் போதும். இரும்பு நார் தொடக்கூடாது. மழை படும் மேல்பக்கம் தானாகக் கழுவப்படும். மேல் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று உப்பு படிந்திருக்கும். கூரைக்கு அடியில் மழை எட்டாத பகுதியையும் அந்த அடிப்பக்கத்தையும் முதலில் துடையுங்கள்.